ஷோகேஸில் ஒரு சாண் கம்பி

சோற்றில் கை வைத்தபோதுதான் உமர் பாருக் கவனித்தார். ஷோகேஸில் அவருடைய ஷீல்டைக் காணோம். மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுவதில் உத்தமபாளையத்திலேயே சிறந்தவர் என்று வியாபாரிகள் சங்கம் கொடுத்த ஷீல்டு. அது இப்போது பிரிட்ஜ் மேல் கிடந்தது. அதன் இடத்தில் ஒரு கண்ணாடி டப்பா, உள்ளே ஒரு சாண் கம்பி.

"தௌபீக் தம்பி காட்டுச்சுங்க," என்றாள் மனைவி ரம்லத்.

தௌபீக் அவருடைய சகலை. வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் துகள் முடுக்கிக்குக் காந்தம் செய்கிறவன். லீவில் வந்திருந்தான்.

"மேலாக்கதான் செம்பாம். உள்ள தலைமுடிய விட மெல்லிசா நியோபியம் டைட்டானியம் இழையாம். நல்லாக் குளிர வச்சா கரண்டு கொஞ்சங்கூட வீணாகாம ஓடுமாம். எம்புட்டு அறிவு பாருங்க!"

இருபது வருஷமாகக் கம்பியோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அந்த 'எம்புட்டு' ஒருநாளும் கிடைத்ததில்லை. வயிறு எரிந்தது. பார்ப்பதற்குத் தன் கடைக் கம்பி மாதிரியே இருந்தது வேறு எரிச்சலைக் கூட்டியது.

"இது டூப்புன்னு நிரூபிச்சா?"

"ஷீல்டு பழைய எடத்துக்கு வரும்."

மறுநாள் டப்பாவைக் கடைக்குத் தூக்கிப் போய், கம்பியில் மீட்டரை வைத்தார். மின்தடை காட்டியது. உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"குளிர வைக்காமலா பாத்தீக?" என்றாள் ரம்லத்.

ஐஸ் வாங்கி வந்து கம்பியைப் புதைத்தார். அப்போதும் தடை. மறுபடி போன் போட்டார்.

"மைனஸ் இருநூத்தி அறுபத்தொம்போது டிகிரி வேணுமாம். ஒங்க ஐஸு சர்பத்துக்குத்தான் ஆகும்."

கடையில் கூடலூர் மொக்கைச்சாமி உட்கார்ந்திருந்தார். திராட்சைத் தோட்டத்து மோட்டாருக்குப் போன வாரம் காயில் கட்டக் கொடுத்தவர், எடுத்துப்போக வந்திருந்தார். அவர் முன்னால் தோற்க மனமில்லை. லாரி பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே கம்பியை வைத்தார் உமர் பாருக். கம்பி சிவந்தது, புகைந்தது, பொட்டென்று அறுந்தது.

ஒரு நிமிஷம் பயந்துதான் போனார். பிறகு சந்தோஷம் பிய்த்துக்கொண்டு வந்தது.

"பாத்தீகளாண்ணே! மட்டச் சரக்கு! இதுல மோட்டார் கட்டுனா ஒரு வாரம் தாங்குமா? கட்டுறவனச் செருப்பால அடிக்கணும்!"

"அடிக்கத்தான் வேணும்," என்று மொக்கைச்சாமியும் ஒத்துக்கொண்டு, மிச்ச வேடிக்கையையும் பார்க்க உட்கார்ந்தார்.

"ஆதாரத்தோட இருக்கேன், வா!" என்று மனைவிக்குப் போன் போனது. ரம்லத், தௌபீக்கின் மனைவியான தன் தங்கை ரெஹானாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கருகிய துண்டுகளைப் பார்த்ததும் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒன் வீட்டுக்காரர் மொகத்துல நான் எப்பிடிடி முழிப்பேன்?"

ரெஹானாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அந்தக் கம்பிய ஒரு துணுக்குகூட ஆராய்ச்சிக்கூடத்த விட்டு வெளிய கொண்டார விடமாட்டாகக்கா. போன வாரம் இவுகதான் மச்சான் கடையில கீழ கெடந்த துண்ட எடுத்து, 'பாக்க இப்பிடித்தான் இருக்கும்'னு ஒனக்குக் காட்டுனாக. நீ அதைய டப்பாவுல போட்டு வச்சுட்ட!"

கிளம்புவதற்காகத் தோளில் ஏற்றிய மோட்டாரை மொக்கைச்சாமி மெல்லக் கீழே இறக்கினார்.

"ஏன் பாய், போன வாரம் எனக்குக் கட்டுனதும் இதே கம்பிதானா?"