புளோரன்ஸ் குசினியாரும் என் வயிற்றெரிச்சலும்

இந்த ஊவா மாகாணத்தில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள் எல்லாரையும் என் கடைத் தராசில் ஒரு தட்டிலும், புளோரன்ஸ் குசினியாரை மறு தட்டிலும் வைத்தால், குசினியார் இருக்கிற தட்டுத்தான் தரையைத் தொடும். ஆள் என்னவோ ஒல்லிதான். பாரமெல்லாம் அவர் பார்த்துவிட்டு வந்த ஊருக்கு. அந்தப் பாரத்தை மனுஷர் நேரே கொண்டுவந்து என் நெஞ்சில் இறக்கிவைத்தார்.

பதுளையிலிருந்து தெமோதரைக்குப் போகிற பாதையில், ஓயா ஆற்றின் பாலத்தை ஒட்டி என் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் முருகன் கோயில். மேலே தேயிலைத் தோட்டம். கடைக்குப் பக்கத்திலேயே கொழுந்தைத் தூளாக்கும் அதன் ஸ்டோர். அந்தத் தோட்டத்துத் துரை பங்களாவின் குசினியில் சமையல் வேலை பார்த்தவர் அவர். சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதேயில்லை. கேட்டால் மரியாதை கொடுத்ததாகிவிடுமே!

அவர் சீமைக்குப் போய்வருவதற்கு முன்னால், எங்கள் பக்கத்தில் தூரதேசம் கண்டவன் என்றால் அது நான்தான். ஆடி மாதம் தவறாமல் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போவேன். மொனராகலைக்கு அப்பால் ஒரே காடு. அங்கே ஒரு தடவை ஒற்றை யானை எதிரே வந்தது. ‘அரோகரா’ என்றேன், வழி விட்டது. முருகன் அறிய இது நடந்த சங்கதி. யானை முழங்காலிட்டுக் கும்பிட்டது என்பது மட்டும் பிற்பாடு தானாக வந்து சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வரும் தோட்டத்துச் சனங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து, “முதலாளி, அந்த ஆனைக் கதையைச் சொல்லுங்க” என்பார்கள். சொல்வேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கதிர்காமத்துத் திருநீறு கொண்டுவருகிறவன் என்பதால், எங்கள் கோயில் தேருக்கு முதல் கற்பூரம் ஏற்றுகிற பாத்தியதையும் எனக்கே இருந்தது. ஒரு குடும்பஸ்தனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

இப்படி இருக்கையில் துரைசாணிக்கு நெஞ்சுச்சளி. மலைக்குளிர் ஆகாது, இத்தாலி தேசத்திலே புளோரன்ஸ் என்கிற பழைய பட்டணத்தில் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துரைசாணிக்கோ குசினியார் வைக்கும் மிளகு ரசம் இல்லாமல் சோறு இறங்காது. ஆகவே குசினியாருக்கும் கப்பல் சீட்டு. நான் முருகனைக் கும்பிட்டுக் கும்பிட்டுக் காட்டுக்குள் நடந்தேன். அந்த ஆள் மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைத்தே கடலைத் தாண்டிவிட்டார்!

அடுத்த வருஷம் திரும்பி வந்தார். இடுப்பில் வேட்டி, தலையில் துரையின் பழைய தொப்பி. நேரே என் கடைக்கு வந்து, என் பெஞ்சில், என் இடத்தில் உட்கார்ந்தார்.

“முதலாளி, ஒரு சந்தேகங்க. கதிர்காமத்துல கோபுரம் எம்புட்டு ஒசரம் இருக்கும்?”

“கதிர்காமத்துல கோபுரம் கிடையாதுய்யா.”

“அப்ப சாமி சிலை பெருசா இருக்குமோ?”

“சிலையெல்லாம் கண்ணால பாக்க முடியாது. திரை போட்டிருக்கும். திரையைத்தான் கும்பிடணும்.”

குசினியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மெய்யான இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். “அடப் பாவமே! அம்புட்டுத் தூரம் நடந்து போயி ஒண்ணுமே பாக்காமலா வந்தீங்க?”

கேட்டுக்கொண்டிருந்த சனம் சிரித்தது. அன்றைக்குப் பற்றிய நெருப்பு, வெந்தயம் ஊறவைத்துக் குடித்தும் அணையவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் புளோரன்ஸ்தான். துரைசாணியைச் சக்கர நாற்காலியில் வைத்து ஊரெல்லாம் தள்ளிக்கொண்டு போனதால், பார்க்கவேண்டியதில் ஒன்று பாக்கியில்லாமல் பார்த்திருந்தார் மனுஷர். பெரிய கோயிலின் கூரை, எங்கள் மலையைக் குடைந்து கவிழ்த்த மாதிரி ஒரே உருண்டையாம். உள்ளே படி ஏறி உச்சிக்குப் போனால் ஊர் முழுக்கச் செக்கச்செவேல் என்று ஓடு தெரியுமாம். கோயிலுக்கு எதிரே பொன் பூசிய கதவாம். அதில் அவர்கள் வேதக் கதை முழுக்கச் செதுக்கியிருக்கிறதாம். ஒரு மண்டபத்தில் பனை உயரத்துக்கு வெள்ளைக் கல்லில் ஒரு வாலிபன், மேலே பொட்டுத் துணி இல்லாமல் நிற்கிறானாம். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“எங்க பழனியாண்டவர் ஆண்டியாப் போனாலும் ஒரு கோவணமாவது கட்டியிருக்காரு” என்றேன்.

“கட்டட்டுங்க. யார் வேணாம்னா?” என்றார் குசினியார். அதற்கும் சிரிப்பு அவருக்குத்தான் கிடைத்தது.

அந்த ஊர் ஆற்றுக்கு மேலே ஒரு பாலமாம். பாலத்தின் இரண்டு பக்கமும் நகைக்கடையாம். இதைச் சொல்லிச் சொல்லி, வளையல் விற்க வரும் முஸ்லிம் வியாபாரி நானா ஒருவரை எங்கள் ஓயாப் பாலத்தின்மேல் கடை விரிக்க வைத்துவிட்டார். நானா பாயை விரித்து வளையலை அடுக்கி முடிக்கவும், தேயிலைப் பெட்டி ஏற்றிய மாட்டுவண்டி மறுமுனையில் ஏறவும் சரியாக இருந்தது. ஏறின வண்டி திரும்புமா? நானா வளையல் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, பாலத்தின் கைப்பிடிச்சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார். “அங்க மாட்டுவண்டி வராதா குசினியாரே?” என்று அழாத குறையாகக் கேட்டார். “வந்தா கடைக்காரன் கோவிச்சுக்குவான், நானா” என்றார் இவர், கொஞ்சமும் கலங்காமல்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் எரித்தது ஒரு பன்றி. சந்தை மண்டபத்தில் வெண்கலத்தில் ஒரு காட்டுப்பன்றி உட்கார்ந்திருக்கிறதாம். உடம்பெல்லாம் கறுத்துக் கிடந்தாலும் மூக்கு மட்டும் தங்கம்போல் பளபளக்குமாம். போகிறவர் வருகிறவரெல்லாம் தடவுவதால் அந்தப் பளபளப்பு. “மூக்கைத் தடவுனவங்க எங்க போனாலும் ஒரு நாள் அந்த ஊருக்கே திரும்பி வருவாங்களாம்” என்றார்.

என் வீட்டம்மா கைகூப்பி, “வராக அவதாரமில்ல!” என்றாள். கதிர்காமத்துத் திருநீறு கொடுத்தபோதுகூட அவள் கை அவ்வளவு வேகமாகக் கூடியதில்லை.

“நீரு தடவினீரா?” என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினார். தடவாமல் விட்டிருப்பாரா? ஒரு தடவை போனவருக்கு இரண்டாம் தடவையும் சீட்டு எழுதியாகிவிட்டது என்று எனக்கு அன்று இரவு சோறே இறங்கவில்லை.

இதோடு விட்டிருந்தால் நான் சகித்துக்கொண்டு போயிருப்பேன். அவர் கையை வைத்தது என் கற்பூரத்தில்.

தேர்த் திருவிழா நெருங்கிய சமயம், தோட்டத்துப் பெரிய கங்காணி கடையில் இருக்கும்போது குசினியார் ஆரம்பித்தார். “அங்கயும் தேர் உண்டுங்க, கங்காணியாரே.”

“வெள்ளைக்காரனுக்கு ஏதுய்யா தேரு?”

“அவங்க சாமி உசிரோட எந்திரிச்ச பண்டிகைக்கு இழுக்கிறாங்க. நம்ம தேராட்டமே ஒசரம். வெள்ளை மாட்டுக்குக் கொம்புல பூச்சுத்தி இழுத்துட்டு வந்து, பெரிய கோயில் வாசல்ல நிறுத்துவாங்க. உள்ள இருந்து தேர் வரைக்கும் ஒரு கம்பி. சாமி முன்னால ஒரு புறா பொம்மைக்கு நெருப்பு வைப்பாங்க. அது கம்பியிலயே சீறிக்கிட்டு வந்து தேரைத் தொடும். தொட்டதும் தேர்ல கட்டுன வாணமெல்லாம் படபடன்னு வெடிக்கும். புறா சரியாப் போய்ச் சேந்தா அந்த வருஷம் வெள்ளாமை நல்லா இருக்கும்பாங்க.”

கங்காணி மேலே பார்த்தார். கடைக்கு மேலே வானத்தில் ஓடிக்கொண்டிருந்தது தோட்டத்துக் கொழுந்துக் கம்பி. மலை உச்சியில் பறித்த கொழுந்தை மூட்டையாகக் கட்டி அந்தக் கம்பியில் மாட்டி விட்டால், சறுக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்து சேரும். “நம்மகிட்டதான் கம்பி இருக்கே!” என்றார்.

முடிந்தது. புறாவுக்குப் பதில் முருகனுக்கு உகந்த மயில். தேரை ஸ்டோர் வாசலில் கம்பியின் கால்மாட்டில் நிறுத்துவது. மயில் வந்து முதல் கற்பூரத்தை ஏற்றுவது.

“அப்ப நான்?” என்றேன்.

“நீங்க முன்னால நின்னு நல்லாப் பாருங்க முதலாளி” என்றார் குசினியார். “நீங்கதான் எதையுமே பாக்காத ஆளாச்சே.”

திருவிழா அன்று இரவு, நடக்கட்டும் என்று முருகன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, கற்பூரத்தை மட்டும் வழக்கம்போல் மடியில் கட்டிக்கொண்டு போனேன். மூங்கிலும் காகிதமுமாக மயில் மெய்யாகவே அழகு. அதைச் சொல்லத்தான் வேண்டும். சொல்லும்போதே வாய் கசக்கிறது. மலைமேல் நின்ற குசினியார், மயிலின் வாலில் கட்டியிருந்த வாணத்துக்கு நெருப்பு வைத்தார். தேருக்குமேல் கற்பூரத் தட்டு காத்திருந்தது. சனமெல்லாம் “அரோகரா!” என்று கூவ, தீப்பொறி பறக்க இறங்கி வந்தது மயில். என் கண்ணிலும் நீர் வந்துவிட்டது. பாதி பக்தி, பாதி வேறு.

ஆனால் எல்லாரும் ஓர் ஆளை மறந்துபோனோம். கம்பியின் கால்மாட்டில் வருஷக்கணக்காக நிற்பவன் கம்பிக்கார ராமன். மேலேயிருந்து எது வந்தாலும் ஈரச்சாக்கோடு பாய்ந்து கட்டிப்பிடித்து, கொழுந்து சிந்தாமல் இறக்குவது அவன் வேலை. அன்றும் அவன் அங்கேதான் கைகூப்பி நின்றான். கம்பி அதிரும் சத்தம் கேட்டதுதான் தாமதம், கூப்பின கை பிரிந்தது. பக்கத்தில் கிடந்த சாக்கை எடுத்தான், பாய்ந்தான், மயிலைக் கட்டிப்பிடித்தான், நெருப்பு அணைய அமுக்கினான். அமுக்கியதோடு நில்லாமல், நேரே ஸ்டோருக்குள் கொண்டுபோய்க் கொழுந்துத் தராசில் தொங்கவும் விட்டுவிட்டான். பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. “ஐயய்யோ, சாமி!” என்று அங்கேயே விழுந்து கும்பிட்டான்.

தேர் இருட்டில் நின்றது. நான் மெதுவாக நடந்துபோய், மடியை அவிழ்த்து, கற்பூரம் ஏற்றினேன். என் ஆயுளில் அப்படி நிமிர்ந்து நடந்ததில்லை.

என்ன பிரயோசனம்? அன்று இரவு முழுவதும், அந்த மாதம் முழுவதும் தோட்டத்துக் குடியிருப்பில் லயத்துக்கு லயம் மயிலைப் பற்றித்தான் பேச்சு. “என்ன வேகம்! என்ன வெளிச்சம்! ராமன் பாய்ஞ்சானே, பாத்தியா?” கற்பூரத்தை ஏற்றியது யார் என்று என் வீட்டம்மாவே மறந்துபோனாள்.

பிறகு ஒரு நாள் துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்கே போகிறார் என்று செய்தி வந்தது. துரைசாணிக்கு மறுபடியும் நெஞ்சுச்சளி. புளோரன்சிலேயே வீடு எடுக்கப்போகிறார்களாம். ரசம் வைக்கக் குசினியாரும் போகவேண்டும். அப்போது ரயில் பண்டாரவளையோடு சரி. அதுவரை வண்டி. வண்டியை என் கடை வாசலில் நிறுத்திவிட்டு, தொப்பியோடு இறங்கி வந்தார்.

“போம், போம். பன்றி மூக்கைத் தடவின பலன், கூப்பிடுது” என்றேன்.

“நான் தடவலீங்க முதலாளி.”

“என்னய்யா சொல்றீரு?”

“துரை தடவுனாரு, துரைசாணி தடவுனாங்க. நான் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டேன். தடவிட்டா அங்கல்ல திரும்பிப் போகணும்? எனக்கு இங்கல்ல வரணும். பாத்ததையெல்லாம் அங்கயே யார்கிட்டச் சொல்றது? நான் சொல்லச் சொல்ல உங்க மூஞ்சி சுருங்குமே, அதைப் பாக்க வேணாமா?”

இந்த முறை தடவாமலே கூப்பிட்டுவிட்டது. திரும்பி வருவதற்கு என்ன வழி? அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்குள் போனேன். சந்நிதிக்கு எதிரே கல்மயில் நிற்கிறது. “இதோட அலகைத் தடவும்” என்றேன்.

“சாமி வாகனத்தைத் தொடலாங்களா?”

“நான் சொல்றேன், தடவுமய்யா!”

தடவினார். குருக்கள் உள்ளேயிருந்து கத்தினார். வண்டி போய்விட்டது. அதற்கு அடுத்த வருஷம் ஐரோப்பாவில் பெரிய சண்டை மூண்டு, கப்பல்களும் நின்றுபோயின.

இப்போது சண்டை ஓய்ந்துவிட்டது. கடை பெஞ்சில் அந்த ஓரத்து இடம் காலியாகத்தான் இருக்கிறது. யானைக் கதையை யாரும் குறுக்கே பேசாமல் கேட்கிறார்கள். சொல்ல எனக்குத்தான் ருசிக்கவில்லை. கோயிலுக்கு வரும் புது ஆட்கள், மயில் உடம்பெல்லாம் கறுத்துக் கிடக்க அலகு மட்டும் ஏன் இப்படிப் பளபளக்கிறது என்று குருக்களிடம் கேட்கிறார்கள். அவருக்குத் தெரியாது. அவர் நடை திறந்து விளக்கேற்ற உள்ளே போகிற நேரம் பார்த்துத்தான் நான் தினமும் தடவிவிட்டு வருகிறேன்.