மேனிஃபோல்டில் இருந்த நாலு தகடுகள்

கருமத்தம்பட்டி
12.8.1999

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பவன் அவர்களுக்கு,

மாமனார் ராமுலு எழுதுவது. இங்கே பிரத்யுஷாவும் குழந்தையும் சுகம், தங்கள் மாமியார் லட்சுமியம்மாளின் முழங்கால் வழக்கம்போல், ஜெர்மனியில் தாங்கள் வேளைக்குச் சாப்பிடுவதாக நம்புகிறோம். பெண் பிறந்த செய்தியை அன்றே போனில் சொல்லிவிட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

தாங்கள் எங்கள் போர்டிகோவில் விட்டுப்போன டீசல் கார் ஆடி மாதம் பிறந்ததிலிருந்து சரியில்லை. மேடு கண்டால் இருமியது, சமதரையில் கரும்புகை விட்டது. ஒருநாள் பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் என்னை முந்திப்போய் நிறுத்தி, இறங்கி வந்து, "ஏனுங்க, உள்ளுக்குள்ள டயரு கியரு எரிக்கறீங்களா?" என்று கேட்டார். கோவையில் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினேன். சட்டையில் ஒரு கசங்கல்கூட இல்லாத மெக்கானிக், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் சிலிண்டருக்கு ஒன்றாக நாலு சின்னத் தகடுகள் இருக்கின்றன, காற்றைச் சுழற்றிவிட அவை திறந்து மூட வேண்டும், கரி பிடித்து ஒட்டிக்கொண்டன, தகடு தனியாகக் கிடைக்காது, முழு மேனிஃபோல்டும் ஜெர்மனியிலிருந்து வர மூன்று மாதமாகும் என்றார். பிரத்யுஷாவுக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. "அப்ப குழந்தைய மூணு மாசம் கழிச்சுப் பொறக்கச் சொல்லட்டுங்களா?" என்றேன். அவர் யோசித்தார், மாப்பிள்ளை. உண்மையிலேயே யோசித்தார்.

அங்கிருந்து இருமிக்கொண்டே துடியலூர் போனேன். அங்கே லேத் பட்டறை நடத்தும் சாந்தாமணி, நான் மில்லில் மாஸ்டராக இருந்தபோது எங்கள் மெஷின்களுக்குச் சாமான் கடைந்து கொடுத்தவர். அவர் மேனிஃபோல்டைக் கழற்றினால் உள்ளே விரல் தடிமனுக்குக் கரி. கெரசினில் ஊறப்போட்டு இருவரும் சுரண்டினோம். மூன்றாவது தகட்டின் ஸ்குரூ பாதி கழன்று ஆடிக்கொண்டிருந்தது.

"மாஸ்டருங்க, இன்னும் ரெண்டு மரை கழண்டிருந்தா நேரா சிலிண்டருக்குள்ள உழுந்திருக்குமுங்க. பிஸ்டனு, வால்வு எல்லாம் சட்னிதானுங்க."

"இப்ப என்னங்கம்மா பண்றது?"

"நாலு தகட்டையும் எடுத்துப்போட்டு, அதுகளத் திருப்பற கம்பி போற ஓட்டைய அலுமினியத்துல கடைஞ்சு அடைச்சுப்போடலாங்க. காத்து அதுபாட்டுக்குப் போவுமுங்க."

"ஜெர்மன்காரன் வெச்சத நாம எடுக்கறதுங்களா?"

"ஏனுங்க, அவனூட்டுப் புள்ளைக்கா வலி வரப்போவுது?"

பயத்தில் வீட்டுக்குப் போன் போட்டு, மாப்பிள்ளை கோபித்துக்கொள்வாரே என்றேன். "கோவிச்சா கோவிச்சுட்டுப் போறாரு, எடுக்கச் சொல்லுங்க" என்றாள் லட்சுமியம்மாள். உத்தரவு கொடுத்தது நானல்ல என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னதாகவே வலி கண்டுவிட்டது. ஊரில் இருந்த ஒரே வாடகைக் காரும் அவிநாசி கோயிலுக்குப் போயிருந்தது. சாவியைத் திருப்பினேன். ஒரே உறுமல்! நீலாம்பூர் தாண்டுவதற்குள் எனக்கு முன்னால் போன லாரி, பஸ் எல்லாம் பின்னால் போயின. பின்சீட்டில் பிரத்யுஷா "மெதுவாப்பா!" என்று கத்துகிறாள், லட்சுமியம்மாள் "வேகமாப் போங்க!" என்று கத்துகிறாள். முப்பத்திரண்டு வருஷம் மில்லில் இரண்டு யூனியனுக்கு நடுவே குப்பை கொட்டியவன் நான். இருவருக்கும் தலையாட்டிவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தால் புகை என்று சொல்ல ஒரு இழை இல்லை.

ஆஸ்பத்திரியில் நுழைந்த இருபதாவது நிமிடம் பேத்தி பிறந்தாள். நகக்கண்ணில் கரியோடு குழந்தையை வாங்கக் கை நீட்டியதற்கு நர்ஸ் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, மாப்பிள்ளை, பத்ம விருது வாங்கியவனுக்குக்கூட அப்படி உச்சி குளிர்ந்திருக்காது.

சாந்தாமணி அம்மாளுக்குத் தாங்கள் ஒரு நன்றிக் கடிதம் போட வேண்டும். குடும்பத்தோடு தீர்க்காயுசாக இருங்கள் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம்.

வெற்றியுடன்,
ராமுலு

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் தங்கள் கடிதம் வந்தது. காரைக் கோத்தகிரி எஸ்டேட்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டதாகவும், இன்ஜினை இதுவரை யாரும் திறந்ததே இல்லை என்று தாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்க அவர் நேரில் வருவதாகவும் அதில் கண்டேன். ஆகவே மேலே எழுதியது எதுவும் நடக்கவில்லை. பேத்தி மட்டும் நிஜம்.