கல்லாய் நின்ற ஓர்லாந்தோ

அன்புள்ள தம்பி ஓர்லாந்தோவுக்கு,

சலேர்னோவிலிருந்து அண்ணன் கார்மினே எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே யாவரும் நலம். துரின் குளிரில் உன் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டும்.

என் மகள் மிரெல்லாவின் கல்யாணத்துக்கு நீ வரலாம். பதினொரு வருஷமாக உன் பெயரையே உச்சரிக்காத நம் அக்கா ஃபிலொமெனா, சென்ற சனிக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு உன்னை மன்னித்துவிட்டாள். பார்த்தவர்கள் ஏறக்குறைய நாற்பது பேர்.

மிரெல்லாவுக்குக் கல்யாணச் செருப்பு வாங்க அவளும் அக்காவும் நானும் ரோமுக்குப் போனோம். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் பழங்கால ரோமானியச் சிலைகளின் அருங்காட்சியகம். இரண்டு அறைகள் வரை அக்கா கால் வலியைப் பற்றி மட்டுமே பேசினாள். மூன்றாவது அறையில், மார்பளவுச் சிலைகளின் வரிசையில் நான்காவதாக நீ இருந்தாய். அதே வழுக்கை, கோப்பைப் பிடி மாதிரி அதே காதுகள். மூக்கு மட்டும் உடைந்திருந்தது. கீழே, ‘பெயர் தெரியாத மனிதர், முதல் நூற்றாண்டு’ என்று எழுதியிருந்தது.

“பெயர் தெரியாதா? எனக்குத் தெரியும்!” என்று அக்கா கைப்பையைத் தரையில் வைத்தாள். “ஏன்டா, இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டா விட்டுடுவேனா?”

சட்டையில் சபாத்தீனோ என்று பெயர் குத்தியிருந்த காவலர் ஓடிவந்து, “அம்மா, சத்தம் போடாதீங்க, தள்ளி நில்லுங்க” என்றார்.

“கிறிஸ்துமஸ் விருந்துக்கு விடியக்காலையில எந்திரிச்சு, மட்டிச் சிப்பி கழுவி ஸ்பகெட்டி செஞ்சேன். சிப்பி மேல சீஸ் போடறது நம்ம ஊர்ல பாவம்னு தெரிஞ்சும், இவன் ஒரு வாய்கூடச் சாப்பிட்டுப் பாக்காம அது மேல சீஸைக் கொட்டினான்!”

காவலர் தொப்பியைக் கழற்றினார். “சிப்பி மேலயா? சீஸா?”

“ஒரு கை நிறைய!”

“நான் சன்னல் பக்கம் பாத்துக்கறேன். நீங்க பேசுங்கம்மா.”

அடுத்த அறைகளில் இருந்தவர்களும் வந்து கூடிவிட்டார்கள். வடக்கே பொலோஞ்ஞா ஊர்க்காரர் ஒருவர், “கொஞ்சமாப் போட்டா நல்லாத்தானே இருக்கும்?” என்றார். அவருடைய மனைவியே அவரை விட்டு விலகி எங்கள் பக்கம் வந்து நின்றாள்.

அக்கா இருபது நிமிஷம் பேசினாள். சிலை ஒன்றும் சொல்லவில்லை. “பாத்தியா கார்மினே, நடுவுல ஒரு வார்த்தை பேசல. மூக்கு வேற போச்சு, பாவம்” என்று கைக்குட்டையால் அதன் காதைத் துடைத்தாள். அபாய மணி அலறியது. அந்த அலறலுக்கு மேலே, “போதும், மன்னிச்சுட்டேன்! கல்யாணத்துக்கு வரச் சொல்லு!” என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். காவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மணியை நிறுத்தப் போனார்.

ஜூன் பதினான்கு. உன் இருக்கை அக்காவுக்குப் பக்கத்தில். கடவுள் உனக்கு நல்ல பசியையும் குறைந்த பேச்சையும் அருளட்டும்.

அன்புடன்,
கார்மினே

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். “இவனை எங்கடா மன்னிச்சேன்? அந்தக் கல்லைத்தான் மன்னிச்சேன். அது எதிர்த்துப் பேசல” என்கிறாள். மிரெல்லா அழுததால் கொஞ்சம் இறங்கிவந்திருக்கிறாள். விருந்தில் முதலில் மட்டிச் சிப்பி ஸ்பகெட்டியாம். அவளே செய்கிறாள். உன் தட்டுக்கு எதிரே ஒரு கிண்ணம் சீஸ் வைத்து, நீ அதைத் தொடுகிறாயா என்று பார்க்கப்போகிறாளாம்.

கல்லாய் இரு, தம்பி.