பழுப்புக் கண் ஈக்கள்

அடுத்த மாத வகுப்புக்காக ப்ரான்வின் வளர்த்துவந்த சிவப்புக் கண் பழ ஈக்களுக்கு நடுவே, பழுப்புக் கண் ஈக்கள் சில உட்கார்ந்துகொண்டு அவளையே பார்த்தன.

கண்ணில் பழுப்பு நிறம் சேர உதவும் நொதி ஒன்று அவளுடைய ஈக்களுக்குப் பிறவியிலேயே கிடையாது. அந்த நொதியின் வேலையைத் தீனியால் செய்ய முடியுமா என்று மூன்று வருஷம் என்னென்னவோ ஊட்டிப் பார்த்தாள். ஒரு கண்கூட மாறவில்லை. பேராசிரியர் ஆராய்ச்சிக்கு முழுக்குப் போட்டுவிட்டார். மிச்சம் இருந்தது இந்த வகுப்பு வேலைதான். அதற்குக் கலப்படமில்லாத ஈக்கள் வேண்டும்.

அந்த நொதி உள்ள வெளி ஈ ஏதோ புகுந்து கலந்துவிட்டது, வேறென்ன? பழுப்புக் கண்களைப் பொறுக்கி எண்ணெயில் போட்டுக் கொன்றாள். பிறகு, ஈத்தீனி கிண்டும் டுல்சியிடம் போய், அந்த வாசனைக்குத்தான் வெளி ஈ வருகிறது, இனிமேல் இங்கே வாழைப்பழம் தின்னக் கூடாது என்றாள்.

"ஏம்மா, உன் ஈ கண்ட ஈயோட சேர்ந்துச்சுன்னா, அதுக்கு நான் பட்டினி கெடக்கணுமா?" என்றாள் டுல்சி. கரண்டியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை.

புதுத் தீனிக்கு வழியில்லை. இருந்த பழைய தீனியும் அடிலெய்டு வெயிலில் புளித்து நூல்விட்டிருந்தது. அதையே போட்டாள். பிறந்த ஈக்களில் பாதிக்குமேல் பழுப்பு. வெளி ஈ அண்டாதபடி மீதிச் சிவப்புக் கண் ஈக்களைத் தீனியோடு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். உள்ளே புழுக்கத்தில் தீனி இன்னும் புளித்தது. அடுத்துப் பிறந்தது அத்தனையும் பழுப்பு. கண்ணைத் தவிர வேறெதையும் பார்க்கும் நிலையில் அவள் இல்லை.

ப்ரான்வின் தரையில் உட்கார்ந்து அழுதாள். மூன்று வருஷத்தில் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை, நாலு ஈயைக் காப்பாற்றக்கூடத் துப்பில்லை என்று தோன்றியது. எல்லா ஈக்களையும் எண்ணெயில் கவிழ்த்தாள். புளித்த தீனியைத் துளி விடாமல் வழித்துச் சாக்கடையில் கொட்டி, ப்ளீச் ஊற்றிக் கழுவினாள்.

முன்பு தான் கொடுத்திருந்த ஈக்களையே பக்கத்து ஆய்வகத்தில் கெஞ்சி வாங்கி வந்து வகுப்பை நடத்தினாள். கலப்படத்துக்கு உதாரணமாக, எண்ணெயில் செத்த பழுப்புக் கண் ஈக்களையும் வைத்தாள். நம் ஈக்களுக்கு முதுகு முடி வளைந்திருக்கும், வெளி ஈ கலந்ததற்கு நேராக இருக்கும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள்.

கடைசி வரிசைப் பெண் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"மிஸ், இந்தப் பழுப்புக் கண்ணு எல்லாத்துக்கும் முதுகு முடி வளைஞ்சுதான் இருக்கு. அப்போ இதெல்லாம் உங்க ஈதானே? என்ன தீனி போட்டீங்க?"