திட்டிப் பார்த்துப் பேர் வைத்த அர்ச்சனை மாமா

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அர்ச்சனை மாமாவின் ஆட்டோவில் ஏறிய கைக்குழந்தை எதுவும் திட்டு வாங்காமல் இறங்கியதாகச் சரித்திரம் கிடையாது. அவருடைய நிஜப் பேர் அவருக்கே மறந்திருக்கும். வாயைத் திறந்தால் அர்ச்சனைதான் என்பதால் ஊர் வைத்த பேர் அது.

பிள்ளைக்குப் பேர் வைக்கப் போகிறவர்கள் ஜோசியரைப் பார்க்கிறார்களோ இல்லையோ, இவரைப் பார்த்துவிடுவார்கள். பேரைக் கேட்பார். வண்டியை ஓரங்கட்டுவார். பின்னால் திரும்பி, மடியில் தூங்கும் சிசுவை அந்தப் பேர் சொல்லி ஒரு பிடி பிடிப்பார்.

“கொஞ்சறதுக்கு எந்தப் பேரும் தாங்கும் சார். திட்டறதுக்குத் தாங்குதான்னு பாக்கணும். புள்ள வளக்கறதுல அதுதான ஜாஸ்தி!”

எண்கணிதம் பார்த்து ரயில் நீளத்துக்கு ஒரு பேரோடு வந்த தம்பதியிடம், “இத சொல்லி முடிக்கறதுக்குள்ள புள்ள பெண்ணாடம் தாண்டிப் பூடும்” என்று கையை விரித்தார். மாமனார் பேரை மகனுக்கு வைக்கப்போவதாகப் பெருமையோடு சொன்ன ஒரு மருமகளிடம், “எங்க, ‘கோவிந்தசாமி, எறங்குடா கழுத’ன்னு சொல்லும்மா” என்றார். கோவிந்தசாமி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு, “எறங்குங்க மாமா” என்றது. பெரியவர் நிஜமாகவே இறங்கி நின்றுவிட்டார்!

எங்களுக்குப் பெண் பிறந்தது. இறந்துபோன தன் அம்மாவின் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். செங்கமலம்.

“அம்மா போனப்பறம் எங்க வூட்ல அந்தப் பேரையே யாரும் எடுக்கறதில்லங்க. எனக்கு அது காதுல கேக்கணும்.”

கடலூரில் இருந்த என் மாமனார் ஒரேயடியாக மறுத்துவிட்டார். “அவ பேர வெச்சுட்டு அதட்டுவீங்க, அடிப்பீங்க. வேணாம்.” அப்பாவை மீறவும் அவளுக்கு மனசில்லை, பேரை விடவும் மனசில்லை. பாவம், சோறே இறங்கவில்லை.

பேர் வைக்கும் நாளன்று கடலூருக்கு ஆட்டோவிலேயே போனோம். அவ்வளவு தூரம் ஆட்டோவா என்று கேட்காதீர்கள், அர்ச்சனை மாமா விடவில்லை. வழியிலேயே விஷயத்தைக் கேட்டுக்கொண்டவர், போய் இறங்கியதும் நேராக மாமனாரிடம் போய் நின்றார்.

“சார், நீங்களே ஒரு வாட்டி அந்தப் பேர சொல்லித் திட்டிப் பாருங்க. வாய் வரலன்னா வேற பேரு வெச்சுக்குவாங்க.”

மாமனார் தன் பெண்டாட்டியை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் இல்லை. ஆயுசு முழுக்க “இந்தா”தான்.

என்ன நினைத்தாரோ, குழந்தையைக் கையில் வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“செங்கமலம்...” என்றார். குழந்தையை முகத்துக்கு நேரே தூக்கினார். அப்புறம், “எங்கடி போயிட்ட நீ? சொல்லாம கொள்ளாம?”

என் மனைவி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

“இந்தப் பேரே இருக்கட்டும்மா” என்று மகளிடம் சொன்ன மாமனார், குழந்தையை அர்ச்சனை மாமாவிடம் நீட்டினார். “இப்ப நீ திட்டுப்பா.”

மாமா குழந்தையை வாங்கினார். பஸ் ஸ்டாண்டையே அலறவைக்கிற அந்த வாய் இரண்டு முறை திறந்து மூடியது.

“செங்கமலம்... பால் குடிச்சியாம்மா?”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அந்த மனுஷனை எனக்கு அப்போதுதான் ரொம்பப் பிடித்துப்போனது.