பெட்டிக்குள் சாப்பிட்ட நண்டு

ஒரு காட்டில், அதாவது மரத்தின் காலடிவரை கடல் வந்து போகிற அலையாத்திக் காட்டில், வைரக்கண்ணு என்று ஒரு நண்டு இருந்தது. வயதான நண்டு. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. அதற்குக் காரணம் அய்யாவு நத்தை. சேற்றில் நேர்கோடு போடச் சொன்னபோது வைரக்கண்ணுவின் கோடு பக்கவாட்டில் போயிற்று. முன்வரிசையில் இருந்த அய்யாவு சிரித்துவிட்டது. அன்றைக்கு வளைக்குள் போன வைரக்கண்ணு பிறகு பள்ளிக்கூடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மற்ற நண்டுகள் ஓடு மாற்றும்போது பழையதையெல்லாம் பழைய ஓட்டோடு விட்டுவிடும். இது மட்டும் அந்தச் சிரிப்பைப் பத்திரமாக எடுத்துப் புது ஓட்டுக்குள் வைத்துக்கொள்ளும்.

அந்தக் காட்டில் தீனிச் சண்டை ஓயாது. கடல் ஏறும்போது கொண்டுவரும் வண்டலும் சத்தும் ஒரு குட்டையில் தங்கும். இறால், மடவை மீன், நத்தை, நண்டு எல்லாம் அதில்தான் வாய் வைக்க வேண்டும். இந்த நேரத்தில், வெளியூரில் படித்த தில்லைநாயகம் என்ற நீர்நாய் ஒரு பெட்டியோடு வந்து இறங்கியது.

"இதுக்குள்ள ஒரு கடலே இருக்கு. விடிஞ்சதும் குட்டையை ஒரு தடவை பார்க்கும். யாருக்கு எவ்வளவு பசி, யாரு எவ்வளவு வேகமா தின்பீங்கன்னு அதுக்குத் தெரியும். அன்னிக்கு முழுக்க யாருக்கு எவ்வளவுன்னு சொல்லிடும்" என்றது நீர்நாய்.

"உங்களுக்குச் சம்பளம்?" என்று இறால் கேட்டது.

"பெருசா ஒண்ணும் வேணாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி, உங்கள்ல யாரு ரொம்பக் கொழுத்திருக்காங்கன்னு பெட்டி சொல்லுதோ, அவங்க."

எல்லாப் பிராணிகளும் பக்கத்தில் நின்றவரின் உடம்பை ஒருமுறை பார்த்துவிட்டுச் சம்மதித்தன.

பெட்டியில் பேர் கொடுக்கும் நாளில் அய்யாவு வளை வாசலில் வந்து கூப்பிட்டது. அவன் கூப்பிட்டு நான் போவதா என்று வைரக்கண்ணு உள்ளேயே படுத்துக்கொண்டது. எல்லோரும் பேர் கொடுத்து முடித்த பிறகு தனியாகப் போனது. வரிசையில் கடைசி.

அது ஓடு மாற்ற வேண்டிய பருவம். நாலு உருண்டை வண்டலாவது வயிற்றில் விழாவிட்டால் உடம்பில் தெம்பிருக்காது. பழைய ஓட்டுக்குள்ளேயே சிக்கிச் சாக வேண்டியதுதான்.

முதல் நாள் அதன் முறை வந்தபோது குட்டை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

"வைரக்கண்ணு, மூணு உருண்டை. சாப்பிட்டாச்சு" என்றது நீர்நாய்.

"எங்கங்கய்யா சாப்பிட்டேன்?"

"பெட்டியில."

"குட்டையில ஒண்ணும் இல்லீங்களே."

"விடியும்போது பத்து உருண்டை இருந்துச்சு. அந்தப் பத்தைப் பார்த்துத்தான் ஒவ்வொருத்தருக்கும் சொல்லியிருக்கு. எல்லாத்தையும் கூட்டினா இருபத்தெட்டு வருது. கழிச்சுப் பார்த்தா சைபருக்குக் கீழ போவுது. கடல்ல சைபருக்குக் கீழ என்னய்யா இருக்கு? அதான் சைபர்னு போட்டுட்டேன்."

வைரக்கண்ணுவுக்குப் புரியவில்லை. அதன் வயிற்றுக்குப் புரிந்தது.

வளையில் அதன் பெண்சாதி செல்லக்கிளி கேட்டது: "என்னங்க, தின்னீங்களா?"

"பெட்டியில தின்னேன்."

"அப்ப ஓட்டையும் பெட்டியிலயே மாத்திக்கங்க."

மறுநாள் கூட்டம் கூடியது. அய்யாவு நத்தை மெதுவாக முன்னால் வந்து பேசியது. "ஒருத்தர் தின்னதும் குட்டையை மறுபடி பார்க்கணுங்க. அப்ப என்ன மிச்சமோ, அதுலதான் அடுத்தவருக்குப் பங்கு சொல்லணும். இல்லாததை யாரும் திங்க முடியாதுல்ல."

எல்லாத் தலைகளும் ஆடின. வைரக்கண்ணுவின் கண்கள்கூட, அதன் அனுமதி கேட்காமலே, காம்பின் மேல் ஆடின. ஆனால் சொன்னது அய்யாவு. கொடுக்கு தானாக மேலே போயிற்று.

"அதெல்லாம் வேணாங்கய்யா. பெட்டி சரியாத்தான் இருக்கு. வரிசைதான் தப்பு. என்னை முதல்ல போடுங்க."

நீர்நாய்க்கு நிம்மதி. ஒவ்வொரு வாய்க்கும் குட்டையைப் பார்த்தால் பெட்டி சூடாகிவிடும். வரிசை மாற்றுவது சுலபம். அப்படியே முடிவாயிற்று.

அடுத்த விடியலில் வைரக்கண்ணு முதல் ஆள். கொலைப் பசியல்லவா? பெட்டி அந்தப் பசியின் வேகத்தை ஒரு நாள் முழுக்க நீட்டிப் பார்த்து, "இருபத்தைந்து உருண்டை" என்றது. குட்டையில் இருந்தது அதே பத்து.

நேராகப் போய்த் தின்றிருக்கலாம். வைரக்கண்ணு நேராகப் போகிற ஜாதியா? வரிசையின் வால்வரை பக்கவாட்டில் நடந்துபோய் அய்யாவுவின் முன் நின்றது. "பார்த்தியா, இப்ப யாரு முன்வரிசை?"

"நல்லது வைரம். போய்ச் சாப்பிடு, ஆறிடப்போவுது" என்றது அய்யாவு.

அந்தப் பதில் போதவில்லை. இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, குட்டையை இறாலும் மடவையும் வழித்து முடித்திருந்தன. "வைரக்கண்ணு, இருபத்தைந்து, சாப்பிட்டாச்சு" என்று குரல் கேட்டது.

அன்றைக்குப் பௌர்ணமி. காட்டிலேயே கொழுத்த பிராணி யார் என்று பெட்டியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நீர்நாய் வளைக்குள் கையை விட்டு வைரக்கண்ணுவை வெளியே எடுத்தது. தூக்கிப் பார்த்தது. ஆட்டிப் பார்த்தது. உள்ளே காற்றுதான் இருந்தது.

"பெட்டி இருபத்தஞ்சுங்குது. கையில சருகாட்டம் இருக்கியே."

"ஐயா, நான் தின்னவே இல்லீங்க."

நீர்நாய் பெட்டியைப் பார்த்தது. தன் கையைப் பார்த்தது. "பெட்டி பொய் சொல்லாது. என் கைதான் சரியில்ல." நண்டைக் கீழே வைத்துவிட்டு, "கொழுத்த நண்டு ஒன்று, தின்றாச்சு" என்று பெட்டியிடம் சொல்லி, வாயைத் துடைத்துக்கொண்டு பட்டினியாகப் படுக்கப் போயிற்று.

பெட்டியில் வைரக்கண்ணு செத்துப் போயிற்று. செத்தவர்களுக்குத் தீனி கிடையாது. குட்டைப் பக்கம் போனால், "நீங்கதான் போயிட்டீங்களே" என்று மடவைகள் மரியாதையாக வழியை மறித்தன.

வைரக்கண்ணு வளைக்குள் சுருண்டது. பழைய ஓடு இறுக்கத் தொடங்கியிருந்தது. அந்த நிலையிலும் அது ஒன்றை மட்டும் விடவில்லை. "செல்லக்கிளி, துக்கம் கேட்க யாரு யாரு வரலேன்னு பார்த்து வை."

"ஒருத்தரும் வரலீங்க. யாரைன்னு வைக்க?"

மூன்றாம் நாள் வந்தது ஒரே ஒரு ஆள். அய்யாவு. ஓடு முழுக்க வண்டலை அப்பிக்கொண்டு, பாரம் தாங்காமல் ஊர்ந்து வந்தது. வழித்தால் நாலு உருண்டை தேறும்.

"மூணு நாளா என் பங்குல மிச்சம் பிடிச்சது. செத்த வீட்டுக்கு வெறுங்கையோட வரக்கூடாதுல்ல. தின்னு வைரம்."

வைரக்கண்ணு தின்றது. வெட்கம் பார்க்காமல், நத்தையின் முதுகைக் கொடுக்கால் சுரண்டிச் சுரண்டித் தின்றது. வயிறு நிறைந்த பிறகு மெல்லக் கேட்டது: "பள்ளிக்கூடத்துல என் கோட்டைப் பார்த்துச் சிரிச்சியே, அதுக்குத்தானே இது?"

அய்யாவு கொம்பை நீட்டி யோசித்தது. "எந்தக் கோடு?"

அன்று இரவே வைரக்கண்ணுவின் பழைய ஓடு வெடித்துக் கழன்றது. உயிர் தப்பிவிட்டது. புது ஓடு பெரிதாக, நிறைய இடத்தோடு இருந்தது. ஆயுசு முழுக்கச் சுமந்த பகையை அந்தப் பயல் மறந்தே போயிருக்கிறான் என்பதை முதலில் எடுத்து அதற்குள் வைத்தது. துக்கம் கேட்க மூன்று நாள் கழித்து வந்ததையும் அதன் பக்கத்தில் வைத்தது.

நீதி: ஒரு பகையாளியையாவது கெடாமல் வைத்துக்கொள். கணக்கில் நீ செத்துப்போகிற அன்று, சோறு கொண்டுவர அவனை விட்டால் ஆள் கிடையாது.