முசரவாக்கத்தில் நான் கண்டுபிடித்த கல் மூங்கில்

'தெரியாது' என்று சொல்ல என் நாக்கு வளையாது. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் ஒரு கேள்விக்கும் விடை தெரியவில்லை. ஆனாலும் ஒன்றைக்கூட விடாமல் எழுதி, அடிஷனல் ஷீட் வேறு கேட்டு வாங்கினேன். (திருத்திய வாத்தியார் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.) படிப்பு அதோடு முடிந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தேன். கல்யாணப் பெண்ணின் அத்தை எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அங்கே வேலை. எனக்கென்றே செய்த வேலை.

அப்போதுதான் மஞ்சுளாவைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அன்றிலிருந்து எனக்குச் சோறே இறங்கவில்லை. (மூன்று வேளையும் மிகுந்த சிரமப்பட்டுத்தான் இறக்கினேன்.) ஒரு மாதம் ஆகியும் அவர்கள் வீட்டிலிருந்து பதில் வரவில்லை. தரகரைப் போனில் பிடித்துக் கேட்டேன்.

"பொண்ணுதான் யோசிக்குதாம்பா. பையன் ரொம்ப அள்ளி வுடறாரோன்னு டவுட்டாம்."

"நானா? எங்க பரம்பரையிலயே பொய் சொன்னவங்க கிடையாது" என்றேன். தரகர் போனை வைத்துவிட்டார்.

இந்த நிலைமையில் ஒரு நாள் பெண்ணின் அப்பாவே கூப்பிட்டார். தறி நெய்கிறவர், சாது. முசரவாக்கத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதன் மூலையில் அவருடைய தாத்தா வைத்த மூங்கில் தோப்பு. என்ன ஜாதி மூங்கில் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் தெரு அம்மன் கோயில் பல்லக்குக்குப் புதுசாக இரண்டு தண்டு வேண்டுமாம். தங்கள் தோப்பு மூங்கிலில் அம்மன் வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. கோயில் கமிட்டித் தலைவரோ, உள்ளே கெட்டியாக இருக்கிற கல் மூங்கில் என்றால்தான் எடுப்பேன், உள்ளே கூடாக இருக்கிற முள் மூங்கில் பாரம் தாங்காது என்று சொல்லிவிட்டார்.

"வெட்டிப் பாத்தா தெரிஞ்சிடுமே மாமா."

"சாமிக்குன்னு நெனச்சுட்டோம் தம்பி. நல்ல நாள் பாத்து பூஜை போடாம கத்தி வைக்கக் கூடாது. நிக்கறப்பவே பாத்து சொல்றவங்க யாராச்சும் தெரியுமா உங்களுக்கு?"

"எதுக்கு மாமா வெளிய தேடறீங்க? நான் இல்ல?"

(அதுவரை எனக்கும் மூங்கிலுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், சின்ன வயதில் அம்மா என்னை அடித்த குச்சி.)

சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை காலை. இஸ்திரி போட்ட புதுச் சட்டையோடு போய் இறங்கினேன். மாமா இருந்தார், கமிட்டித் தலைவர் கையில் டைரியோடு இருந்தார். தண்ணி கேனைத் தூக்கிக்கொண்டு மஞ்சுளாவும் வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு மூங்கிலைப் பற்றி இன்னும் நிறையத் தெரிந்துவிட்டது.

ஒரு மூங்கிலை விரல் முட்டியால் தட்டினேன். காதை வைத்தேன். கண்ணை மூடினேன். டாக்டர் மாதிரி மூன்று இடத்தில் கேட்டுவிட்டு, "கெட்டி. கல் மூங்கிலு" என்றேன்.

தலைவர் டைரியில் எழுதப் போனார்.

"முள்ளு இருக்குதே" என்றாள் மஞ்சுளா.

இருந்தது. என் சட்டையின் வலது கை ஏற்கெனவே ஒரு முள்ளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வாயைத் திறந்தாகிவிட்டதே.

"அது பால் முள்ளுங்க. கொழந்தைங்களுக்குப் பால் பல்லு இருக்குது பாருங்க, அந்த மாதிரி. வயசானா தானா கொட்டிடும்."

"எங்க கொள்ளுத் தாத்தா வச்சதுங்க. இன்னும் எவ்ளோ வயசாவணும்?"

மாமா இருமினார். தலைவர் பேனாவை மூடினார். என் கல்யாணமும் அந்த மூடியோடு சேர்ந்து மூடப் போகிறது என்று தெரிந்தது. அந்த நெருக்கடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"கத்திதானே மாமா வைக்கக் கூடாது? கொளுத்திப் பாக்கலாம் இல்ல?"

மூன்று பேர் முகத்திலும் வெளிச்சம். காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் பட்டு அசலா என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்துவோம். அசல் பட்டு முடி கருகுகிற நாற்றம் அடித்து, சுருண்டு, தானாக அணைந்துவிடும். போலி நின்று எரியும். கடையில் ஒரு நாளைக்குப் பத்து முறை நான் செய்துகாட்டுவது. அங்கே நின்ற நாலு பேருமே பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மூங்கில் புழுக் கூட்டிலிருந்து வருவதில்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. மஞ்சுளாகூட, "அதுவும் சரிதான்" என்றாள்.

கீழே கிடந்த காய்ந்த குச்சி ஒன்றை எடுத்துத் தீக்குச்சியைக் கிழித்தேன்.

"இப்ப பாருங்க. தானா அணையும்."

அணையவில்லை. என் விரலைச் சுட்டது. உதறினேன். சித்திரை வெயிலில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்து கிடந்த சருகின் மேல் போய் விழுந்தது.

"தானா அணையும்" என்றேன் மறுபடியும். தீ என்னைக் கண்டுகொள்ளாமல் புதருக்குள் போனது.

"தம்பி" என்றார் மாமா.

"ரெண்டு நிமிசம் மாமா, தானா..."

டமார்.

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். டமார், டமார் என்று உள்ளே சரவெடி வைத்த மாதிரி ஆரம்பித்துவிட்டது. மஞ்சுளா கேனில் இருந்த தண்ணீர் முழுவதையும் வீசினாள். முக்கால்வாசி என் மேல்தான் விழுந்தது. (குறி தப்பியதா என்று இன்று வரை அவள் சொல்லவில்லை.) உள்ளே புகுந்து அணைக்கலாம் என்றால் பால் முள் விடவில்லை. சத்தம் கேட்டு வரப்பு மேல் ஒருவர் ஓடி வந்தார்.

"யாருப்பா போய்ட்டாங்க? எப்ப எடுக்கறீங்க?"

"யாரும் சாவல. மூங்கிலு இன்னா ஜாதின்னு பாத்துக்கினு இருக்கறோம்" என்றார் தலைவர்.

நல்லவேளை, அந்த மனிதர் பக்கத்து நிலத்துக்காரர். மோட்டாரைப் போட்டு ஓஸை இழுத்துக்கொண்டு வந்தார். அரை மணி நேரத்தில் தீ அடங்கியது. தோப்பில் ஒரு மூலைதான் கருகியிருந்தது. ஒரு மழை பெய்தால் துளிர்த்துவிடும் என்றார் அவர். தலைவர் நிதானமாக டைரியைப் பிரித்தார்.

"காத்து இருந்தாதான் வெடிக்கும். அப்ப உள்ள கூடு. முள் மூங்கிலு. தண்டுக்கு ஆவாது." எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். (எப்படியோ, ஜாதியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான்தான்.)

மாமா என்னைப் பார்த்தார். நான் ஒரு கைச் சட்டையோடு, ஈரமாக, கரி பூசி நின்றேன்.

"நெசமா சொல்லுங்க தம்பி. மூங்கிலைப் பத்தி இன்னா தெரியும் உங்களுக்கு?"

"அது வந்து மாமா, எங்க பாட்டன் காலத்துல..." என்று ஆரம்பித்தேன்.

அணைந்த சாம்பலுக்குள்ளிருந்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில், இன்னொன்று டமார்.

"ஒண்ணும் தெரியாது மாமா."

மஞ்சுளா வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். போச்சு, ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கப் போகிறாள் என்று நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இவரையே பேசி முடிச்சிடுங்க" என்றாள்.

"இன்னாம்மா சொல்ற? தாத்தா வச்ச தோப்பையே கொளுத்திட்டாரு."

"பொய் சொல்லாத ஆம்பளை எங்கப்பா கெடைப்பாரு? இவரு பொய் சொன்னா ஊருக்கே கேக்குது. ஒரு நாளும் என்னை ஏமாத்த முடியாது."

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. அந்த வீட்டில் இன்றைக்கும் நான் எதையாவது அடித்துச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். மாமா சத்தமில்லாமல் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். மாமியாரும் பொத்திக்கொள்வார். போன வாரம் வானத்தைப் பார்த்து, "இன்னைக்கு மழை வராது, துணியை மாடியில போடு" என்றேன். மஞ்சுளா பக்கெட்டைக் கீழே வைத்தாள். தன் காதைப் பொத்தவில்லை. இடுப்பிலிருந்த எங்கள் பாப்பாவின் காதைப் பொத்தினாள்.